முதல் லூப் வாங்கும் முன்: எக்ஸ் எண்ணுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

சூலூர், குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம் என்று நம் கொங்குப் பக்கத்தில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குள் போனாலும், இரண்டாம் வருடம் பாதி முடிவதற்குள் பிள்ளைகள் லூப்பைப் பற்றி, அதாவது பல்லைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் சுற்றும்: எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று சொல்லும் எக்ஸ் எண்.

"அண்ணா, 2.5 வாங்கட்டுங்களா, 3.5 வாங்கட்டுங்களா?"

"3.5 வாங்கிக்க தம்பி. பெருசாத் தெரியும்."

ஆலோசனை அவ்வளவுதான். அதை நம்பி வீட்டில் பணம் புரட்டி அனுப்புகிறார்கள். வாங்கிய லூப் மூன்று மாதத்தில் தலைவலி என்று பெட்டிக்குள் போய்விடுகிறது. இது அடிக்கடி நடக்கிறது. லூப் என்றால் பெரிதாகக் காட்டும் கண்ணாடி என்பதோடு நம் புரிதல் நின்றுவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அது எப்படிப் பெரிதாகக் காட்டுகிறது, அதற்கு விலையாக எதை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். இயற்பியல் பயம் வேண்டாம், பத்தாம் வகுப்பு லென்ஸ் பாடமே போதும்.

கிட்டே போனால் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

ஒரு பொருள் பெரிதாகத் தெரிவதும் சிறிதாகத் தெரிவதும், அது நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. தூரத்தைப் பாதியாக்கினால் கோணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், விழித்திரையில் விழும் பிம்பமும் அதே அளவுக்குப் பெரிதாகும். ஆக, லூப் இல்லாத ஒருவர் பல்லைப் பெரிதாகப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

உங்கள் எண்டோ பெட்டியில், அதாவது வேர்க்கால்வாய்ச் சிகிச்சைப் பெட்டியில், ஊதா நிறப் பிடி போட்ட 10-ம் நம்பர் கே-ஃபைலை, கால்வாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய அரத்தை, எடுத்துப் பாருங்கள். அதன் நுனி விட்டம் 0.10 மி.மீ. 6/6 பார்வை உள்ள கண்ணுக்கு 40 செ.மீ. தூரத்தில் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய அளவும் கிட்டத்தட்ட அதுதான். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் எம்பி-2 என்னும் கூடுதல் வேர்க்கால்வாயின் வாய், பல்லுக்குப் போடும் கிரவுன் தொப்பியின் விளிம்பில் இருக்கும் சின்ன இடைவெளி எல்லாம் இந்த எல்லையைத் தொட்டபடி அல்லது அதற்கும் கீழே கிடக்கும் சமாசாரங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. அதனால் உடம்பு தானாகக் குனிகிறது.

இருபது வயதுக் கண்ணுக்கு 15 செ.மீ. தூரத்தில் இருப்பதையும் தெளிவாகக் குவிக்க முடியும். நாற்பத்தைந்து வயதுப் பேராசிரியரின் கண்ணுக்கு முடியாது. அவருக்குக் குனிந்தால் மங்கும், அதனால் குனிய மாட்டார். குனிந்தால் தெளிவாகத் தெரிகிறது என்பதாலேயே மாணவர்கள் குனிந்து குனிந்து பழகுகிறார்கள். பொம்மைத் தலையில் வேலை பழகும் பேண்டம் ஹெட் லேபில் ஒரு வரிசையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பாதிப் பேரின் மூக்கு டைபோடான்ட் என்னும் மாதிரிப் பல்வரிசையின் பற்களைத் தொட்டுவிடும் போல இருக்கும்.

அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு மாதிரிக் கணக்கை வெளியிட்டார். நேராக இருக்கும் தலை கழுத்துக்குத் தரும் சுமை 4.5 முதல் 5.5 கிலோ. அதையே 30 டிகிரி முன்னால் சாய்த்தால் சுமை 18 கிலோ, 60 டிகிரி சாய்த்தால் 27 கிலோ. இது கணினி மாதிரியில் போட்ட கணக்குதான். ஆனாலும் சாயச் சாயச் சுமை எப்படி ஏறுகிறது என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. பல் மருத்துவர்களுக்குக் கழுத்து வலியும் தோள் வலியும் தொழிலோடு வருகிற நோயாக இருப்பதற்கு இந்தச் சாய்வு ஒரு பெரிய காரணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணில் கோணம் கூட வேண்டும். வெறும் கண்ணுக்கு அதற்கு இருக்கும் ஒரே வழி குனிவது.

பிக் கிளாஸும் லூப்பும்

சோமனூர், பல்லடம், ஈரோடு பக்கம் தறியோடு வளர்ந்தவர்களுக்குப் பிக் கிளாஸ் தெரிந்திருக்கும். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சின்ன லென்ஸ் அது. விரித்தால் அடியில் ஓர் அங்குலச் சதுரத் திறப்பு, மேலே லென்ஸ். துணிமேல் வைத்து, அங்குலத்துக்குப் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணுவார்கள். எண்ணுகிறவர் எப்படி நிற்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? மேஜைமேல் நன்றாகக் குனிந்து, கண்ணை லென்ஸுக்கு ஒட்டி வைத்திருப்பார். லென்ஸ் துணிக்கு மிக அருகில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒற்றை லென்ஸின் குணம் அப்படி. பொருள் அதன் குவிய தூரத்துக்குள் இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவுக்குக் குவிய தூரம் சுருங்கும். 2.5 மடங்கு காட்டும் சாதாரண லென்ஸின் குவிய தூரம் 10 செ.மீ. நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸுக்கு 2.5 செ.மீ. மட்டுமே.

பத்து செ.மீ. தூரத்தில் லென்ஸை வைத்துக்கொண்டு நோயாளி வாயில் பல் குடையும் ஏரோட்டரை ஓட்ட முடியாது. கைக்கும் இடம் இருக்காது, வெளிச்சமும் போகாது. அதனால் பல் மருத்துவத்துக்கு வேண்டியது தள்ளி இருந்தபடியே பெரிதாகக் காட்டுகிற ஏற்பாடு. அதற்கு ஒரு லென்ஸ் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். நம் லூப் உண்மையில் கிட்டத்தில் பார்க்கும்படி செய்த ஒரு குட்டித் தொலைநோக்கி, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு.

1609-ல் கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியில் முன்னால் ஒரு குவிலென்ஸும் கண் பக்கம் ஒரு குழிலென்ஸும் இருந்தன. பிம்பம் நேராகத் தெரியும். இன்றைக்கு 2.5 எக்ஸ், 3 எக்ஸ் என்று விற்கும் லூப்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான், அதனால் கலிலியன் லூப் என்று பெயர். குழாய் குட்டை, எடை குறைவு. 1611-ல் கெப்ளர் இரண்டுமே குவிலென்ஸாக இருக்கும் அமைப்பை விளக்கினார். அதில் அதிக மடங்கு கிடைக்கும், ஆனால் பிம்பம் தலைகீழ். அதை நிமிர்த்த நடுவே ஒரு பட்டகம், அதாவது பிரிஸம், வைக்க வேண்டும். 3.5 எக்ஸுக்கு மேல் பெரும்பாலும் இந்த வகைதான், பிரிஸ்மாட்டிக் லூப் என்பார்கள். பிம்பம் ஓரம்வரை தெளிவாக இருக்கும். பதிலுக்குக் குழாய் நீளும், மூக்குமேல் எடையும் ஏறும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 40 செ.மீ. தள்ளி உட்கார்ந்து 2.5 எக்ஸ் லூப்பில் பார்த்தால், பல் 16 செ.மீ. தூரத்தில் இருப்பதுபோன்ற அளவில் தெரியும்: 40-ஐ 2.5-ஆல் வகுத்தால் 16. லூப்பின் வேலை இதுதான். குனிந்து கிட்டே போனால் கிடைத்திருக்கும் பெரிய பிம்பத்தை, நிமிர்ந்து உட்கார்ந்த இடத்திலேயே தருகிறது. நிமிர்ந்து உட்கார விடாத லூப், எத்தனை எக்ஸாக இருந்தாலும், பாதி வேலையைச் செய்யவில்லை. அதனால்தான் எக்ஸ் எண்ணுக்கு முன்னால் வேறு இரண்டு அளவுகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் அளவு: வேலைத் தூரம்

விலைப்பட்டியலில் வொர்க்கிங் டிஸ்டன்ஸ் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் சரியாக உட்கார்ந்து வேலை செய்யும்போது உங்கள் கண்ணுக்கும் நோயாளியின் பல்லுக்கும் இடையே உள்ள தூரம் அது. பொதுவாக லூப்பில் குவியத்தை மாற்றத் திருகு எதுவும் கிடையாது. எந்தத் தூரத்துக்குச் செய்தார்களோ அந்தத் தூரத்தில்தான் தெளிவு. கொஞ்சம் முன்னே பின்னே விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். லூப் உங்களுக்காக மாறாது. உங்கள் முதுகுதான் லூப்புக்காக மாறும். ஆறடி உயரப் பையன் 34 செ.மீ. லூப்பை வாங்கினால், தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று நாள் முழுக்கக் குனிந்துதான் இருப்பான். ஐந்தடிப் பெண் 50 செ.மீ. லூப்பை வாங்கினால், பின்னுக்குச் சாய்ந்து கையை நீட்டி நீட்டித் தோள் கடுத்துப்போகும். இரண்டு பேருமே, "லூப் போட்டாத்தானுங்க வலியே வந்துச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட.

அளப்பது எளிது. ஸ்டூலில் பாதம் தரையில் முழுதாகப் பதியும்படி உட்காருங்கள். முதுகு நேராக, தோள் தளர்வாக, முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். பேண்டம் ஹெட்டின் வாய் முழங்கை உயரத்துக்கு வரும்படி வையுங்கள். கையில் மிரரும் எக்ஸ்ப்ளோரரும் பிடித்து வேலை செய்வதுபோல இருங்கள். இப்போது ஒரு நண்பர் தையல் டேப்பால் உங்கள் கண்ணோரத்திலிருந்து பல்வரை அளக்கட்டும். அளவுக்காக நிமிராதீர்கள், குனியவும் வேண்டாம். சில நிமிடம் வேலை செய்த பிறகு மறுபடி அளந்தால் உண்மையான எண் வரும். கல்லூரிக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி, நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கண்ணுக்கும் கைக்கும் நடுவே டேப்பைப் பிடித்து ஓர் எண்ணை எழுதிக்கொண்டு போனால், அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

இரண்டாவது அளவு: சாய்வுக் கோணம்

தலையை நேராக வைத்துக் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பாருங்கள். நேர் பார்வைக்கும் அந்தக் கீழ்ப் பார்வைக்கும் நடுவே உள்ள கோணம்தான் சாய்வுக் கோணம். பட்டியலில் டெக்லினேஷன் ஆங்கிள் என்று இருக்கும். லூப் குழாய்கள் கண்ணாடியில் எவ்வளவு கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதை இது சொல்கிறது.

வாயைப் பார்க்கப் பார்வை எவ்வளவு இறங்க வேண்டுமோ, அதைக் கழுத்தும் கண்ணும் பங்கு போட்டுக்கொள்கின்றன. உதாரணத்துக்கு மொத்தம் 60 டிகிரி இறங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூப்பின் சாய்வு 25 டிகிரி என்றால் மீதி 35 கழுத்தின் தலையில் விழும். சாய்வு 40 என்றால் கழுத்துக்கு 20 மட்டும். கழுத்து 20 டிகிரிக்கு மேல் நெடுநேரம் குனியாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை, ஆகவே இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. அதற்காகச் சாய்வை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. கண்ணை ரொம்பக் கீழே உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தசை களைத்துவிடும்.

விலை குறைந்த லூப்கள் பலவற்றில் இந்த அளவை அட்டையில் போடுவதே இல்லை. நேராக முன்னால் பார்ப்பதுபோலவே குழாய் நிற்கும். அதை மாட்டிக்கொண்டு பல்லைப் பார்த்தால் தாடை நெஞ்சைத் தொடும்.

சமீப காலமாக எர்கோ லூப் என்று ஒரு வகை வருகிறது. உள்ளே இருக்கும் பிரிஸம் பார்வையைக் கீழே திருப்பிவிடும். நீங்கள் எதிரே சுவரைப் பார்ப்பதுபோல நிமிர்ந்திருக்க, பிம்பம் மட்டும் வாயிலிருந்து வரும். கழுத்துக்கு இதுபோல் சுகம் வேறு இல்லை. ஆனால் கண் பார்க்கும் திசையும் கை இருக்கும் திசையும் வேறு வேறு, பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். விலையும் எடையும் அதிகம். கழுத்தில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு முதல் லூப்பாக இதைச் சொல்ல மாட்டேன்.

சரி, வேலைத் தூரம் முதுகைப் பார்த்துக்கொள்கிறது, சாய்வுக் கோணம் கழுத்தைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் உங்கள் உடம்பின் அளவுகள். நண்பனுக்குச் சரியாக இருந்தது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது எக்ஸுக்கு வருவோம்

2.5-லிருந்து 3.5-க்குப் போவது ஒரே ஒரு படி போலத் தோன்றும். ஆனால் ஒரு பல் கண்ணில் அடைக்கும் பரப்பு நீளத்திலும் அகலத்திலும் கூடுகிறது: 2.5-க்கு 6.25 மடங்கு, 3.5-க்கு 12.25 மடங்கு. கிட்டத்தட்ட இரட்டிப்பு. குழாயின் வட்டம் அதே அளவுதான் என்றால் அதற்குள் அடங்கும் வாயின் பகுதி பாதியாகக் குறையும். ஒரே பார்வையில் தெரிகிற அந்த வட்டத்துக்குப் பார்வைப் பரப்பு என்று பெயர். 2.5-ல் வாயின் பெரும்பகுதி தெரியும். 3.5-ல் சில பற்கள் மட்டும்.

மடங்கு ஏற ஏறக் குறைகிற இன்னொன்று குவிய ஆழம். அதாவது தலையை முன்னே பின்னே எவ்வளவு தூரம் நகர்த்தும்வரை பிம்பம் மங்காமல் இருக்கும் என்ற எல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தலை ஓரிடத்தில் நிற்காது. நோயாளியும் அசைவார். ஆழம் குறைந்த லூப்பில் ஒவ்வோர் அசைவுக்கும் பல் மங்கித் தெளியும், அந்த எரிச்சலிலேயே பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கை நடுக்கமும் 3.5 மடங்காகத் தெரியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அதனால் என் கருத்து வெளிப்படையானது: முதல் லூப் 2.5 எக்ஸ் கலிலியனாக இருக்கட்டும். உட்காரும் முறையும் மிரரில் பார்த்து வேலை செய்யும் பழக்கமும் படிந்த பிறகு, எண்டோ பக்கம் மனது போனால், அப்போது மேலே போகலாம். முதுநிலையில் எண்டோ படிப்பவர்கள் பலர் கடைசியில் மைக்ராஸ்கோப்புக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள்.

இன்னொன்று. இந்த எக்ஸ் எண்ணை எல்லாக் கம்பெனியும் ஒரே அளவுகோலில் போடுவதில்லை. ஒருவரின் 2.5 இன்னொருவரின் 3-க்குப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டையும் மாட்டி ஒரே பல்லைப் பார்த்து ஒப்பிடுவதே நம்பகமான வழி.

டிடிஎல்லா, ஃப்ளிப்-அப்பா?

டிடிஎல் (த்ரூ தி லென்ஸ்) என்பது கண்ணாடி வில்லையில் துளை போட்டுக் குழாயை உள்ளேயே பொருத்திய வகை. குழாய் கண்ணுக்கு அருகில் இருப்பதால் பார்வைப் பரப்பு கூடும், எடை குறையும். உங்கள் கண்மணி இடைவெளி, அதாவது இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம், வேலைத் தூரம், சாய்வு எல்லாம் அளந்து உங்களுக்கென்றே செய்வார்கள். பிறகு நாமாக எதையும் மாற்ற முடியாது. ஃப்ளிப்-அப் வகையில் குழாய்கள் முன்னால் ஒரு கீலில் தொங்கும். வேண்டாதபோது மேலே தூக்கிவிடலாம், இடைவெளியையும் சாய்வையும் நாமே திருத்திக்கொள்ளலாம். எடை முன்பக்கம் இழுக்கும். அடிக்கடி தொடுவதால் அளவு நகர்ந்தும் போகும்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். பத்தொன்பது, இருபது வயதில் கிட்டப்பார்வை பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். டிடிஎல்லில் பவர் மாறினால் லூப்பையே செய்த கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், செலவும் காத்திருப்பும் உண்டு. ஃப்ளிப்-அப்பில் பின்னால் இருக்கும் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். எது வாங்கினாலும் முதலில் கோவையிலோ ஈரோட்டிலோ நல்ல கண் மருத்துவமனையில் முழுப் பரிசோதனை செய்து, பவரையும் கண்மணி இடைவெளியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால், பாஸாகிப் போகும் சீனியர் பாதி விலைக்குத் தருகிறார் என்று அவருடைய டிடிஎல்லை வாங்க வேண்டாம். அது அவர் கண்ணுக்கும் அவர் உயரத்துக்கும் செய்தது. பழைய ஃப்ளிப்-அப் என்றால், வேலைத் தூரம் பொருந்தினால் யோசிக்கலாம்.

லூப் போட்டால் கண் கெடுமா?

வீட்டில் அம்மாக்கள் கேட்கிற கேள்வி, மாணவர்களும் மனதுக்குள் வைத்திருக்கிற கேள்வி. லூப் கண்ணின் பவரை மாற்றாது. கழற்றியதும் எல்லாம் சின்னதாக, தெளிவு குறைந்ததாகத் தோன்றுவது, நுணுக்கம் பார்த்துப் பழகிய மூளை ஒப்பிடுவதால் வருவது. ஆனால் தலைவலி, இரட்டைப் பிம்பம், வாந்தி வருவதுபோன்ற உணர்வு தொடர்ந்து இருந்தால் லூப் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டு குழாய்களும் ஒரே புள்ளியில் சந்தித்தால், இரண்டு கண்ணும் பார்ப்பது ஒன்று சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும். இரண்டு வட்டம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தெரிந்தால் கண்மணி இடைவெளி தப்பு. "பழகினாச் சரியாப் போயிருங்க" என்று விற்பவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தூரத்துக்கும் மிரருக்கும்தான் பழக வேண்டும், இரட்டைப் பிம்பத்துக்குப் பழகக் கூடாது.

விளக்கு

மடங்கு கூடினால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். 2.5-க்கு டென்டல் சேரின் விளக்கு ஓரளவு போதும், 3.5-க்குத் தலைவிளக்கு இல்லாமல் சிரமம். தலைவிளக்கு நீங்கள் பார்க்கும் திசையிலேயே அடிப்பதால் கையின் நிழல் விழாது. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் வேலைக்கு ஆரஞ்சு வடிகட்டி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காம்போசிட்டை இறுக வைப்பது நீல ஒளி, வெள்ளை எல்இடியிலும் அது நிறைய உண்டு. வடிகட்டி இல்லாவிட்டால் வடிவம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இறுக ஆரம்பித்துவிடும்.

எப்போது, எப்படி வாங்குவது?

முதல் வருடம் மெழுகில் பல் செதுக்குவதற்கு லூப் தேவையில்லை. மூன்றாம் வருடம் நோயாளியைத் தொடுவதற்கு முன் பேண்டம் ஹெட்டில் சில மாதம் பழகினால் போதும், ஆகவே இரண்டாம் வருடத்தின் பின்பாதி சரியான நேரம். முடியாவிட்டால் இன்டர்ன்ஷிப்வரை தள்ளிப்போடுவதில் குறைவொன்றும் இல்லை. சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் போகிறது. கடன் வாங்கி விலை உயர்ந்ததை வாங்குவதைவிட, உட்காரும் முறையைச் சரி செய்துகொண்டு, அளவு பொருந்துகிற நடுத்தர லூப்பை வாங்குவது மேல்.

கருத்தரங்கு ஸ்டாலில் மாட்டிப் பார்க்கும்போது கை ரேகையைப் பார்த்து "ஆஹா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். டைபோடான்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். உட்கார்ந்து, மிரரில் மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லைப் பத்து நிமிடம் பாருங்கள். நண்பரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து எவ்வளவு குனிந்திருக்கிறது என்று அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

ஆர்டர் போடும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பவர் மாறினால் எவ்வளவு ஆகும், அளவு தப்பாக வந்தால் திருப்பிச் செய்து தருவார்களா, எத்தனை நாளில், ரிப்பேர் இங்கேயே நடக்குமா, வெளிநாட்டுக்குப் போக வேண்டுமா, எதைக் கொண்டு துடைக்கலாம். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். லூப்பை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட முடியாது, கண்ட ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் லென்ஸின் மேற்பூச்சு உரிந்துபோகும்.